மேஜர் டாரக் பதில் சொல்லாத கேள்வி

மேஜர் நினியன் டாரக் கில்மெட்டன் தொகுதியில் ஜெயித்து லண்டன் பாராளுமன்றத்துக்குப் போன கதையை எங்கள் ஊரில் ஆளுக்கொரு விதமாக அளக்கிறார்கள். எல்லாம் அவருடைய பேச்சுத் திறமை என்கிறார்கள் சிலர். மேஜருக்குப் பேச்சுத் திறமையா! நல்ல கூத்து. சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசினால் மனுஷனுக்குக் கழுத்து சிவந்துவிடும். நான் அவருடைய தேர்தல் ஏஜென்ட், காவின் ஸ்டராக். மேடையில் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவன். இது எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை, அதனால் இதில் நான் பொய் கலக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மேஜர் மேட்டு நிலத்துப் பண்ணைக்காரரின் இரண்டாவது மகன். பண்ணை அண்ணனுக்குப் போய்விட்டது, இவர் இருபது வயதில் பட்டாளத்துக்குப் போனார். தென்னாப்பிரிக்காவில் ஒரு காய்ச்சல், அதன் பிறகு பதினான்கு வருடம் முகாம் முகாமாக வாழ்க்கை. பெரிய போர் வந்ததும் எங்கள் ஊர்ப் படைப்பிரிவுக்குக் கேப்டனாக வந்து சேர்ந்தார். எங்கள் பிரிவு என்றால் வேறு யாருமில்லை, டென்பர்ன் தெருவும் அதையொட்டிய லினன் ஆலையும்தான். ஆலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று நார் சீவியவர்கள் ஃபிரான்சிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். நான் பிரிவின் எழுத்தர், கையெழுத்து நன்றாக இருந்ததால் வந்த வேலை. போர் முடிந்து இடுப்பில் இரும்புத் துண்டோடு ஊர் திரும்பிய மேஜர், தன் கீழ் இருந்த சிப்பாய்கள் ஒழுகும் வீட்டில் எட்டுப் பேராகப் படுத்துக் கிடப்பதைப் பார்த்தார். "இதுக்கா இவங்களைக் கூட்டிட்டுப் போனேன்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கோபத்தில்தான் தேர்தலில் நின்றார், வேறு அரசியல் அவருக்குத் தெரியாது.

இனி அந்தக் கடிதங்கள். 1915 செப்டம்பரில் ஒரு செங்கல் சூளை முன்னால் ஒரே நாளில் எங்கள் பிரிவில் முப்பத்தொரு பேர் செத்தார்கள். செத்தவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுவது கேப்டனின் கடமை. இடுப்பில் கட்டோடு உட்கார்ந்து ஒன்பது எழுதினார். அதற்குமேல் முடியவில்லை. "மீதியை நீ எழுது, ஸ்டராக். பொம்பளைங்க மனசு நோகாம எழுது. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். இருபத்திரண்டு கடிதம் எழுதினேன். எனக்கு மட்டும் என்ன, கை கல்லா? ஐந்தாவது கடிதத்துக்குமேல் புதிதாக ஒரு சொல்லும் வரவில்லை. முதல் கடிதத்தில் எழுதிய இரண்டு வரியையே எல்லாவற்றிலும் எழுதினேன்: "குண்டு பட்ட கணமே அவர் உயிர் பிரிந்துவிட்டது. வலி என்பதையே அவர் உணரவில்லை."

வேறு படையில் இது ஒரு பிழையே இல்லை. அவர்களுடைய கடிதங்கள் இருபது ஊருக்குப் போகும். எங்களுடைய இருபத்திரண்டும் ஒரே தெருவுக்கு, ஒரே துணி துவைக்கிற கூடத்தைப் பங்குபோட்டுக்கொள்கிற பெண்களுக்குப் போயின. இருந்தும் ஏழு வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கடிதங்களை யாரும் யாருக்கும் காட்டுவதில்லை, பைபிளுக்குள் வைத்துவிடுவார்கள்.

அதில் ஒரு கடிதம் என் வீட்டு பைபிளுக்குள்ளேயே இருந்தது. என் மனைவி பெத்தியா, டங்கன் பீட்டியின் விதவை. டங்கன் ஆலையில் என் பக்கத்து மேஜைக்காரன், என் சிநேகிதன். பத்தொன்பதில் நான் பெத்தியாவைக் கட்டிக்கொண்டேன். "வேற யார் கையெழுத்தா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், உன் கையெழுத்துங்கறதால நம்பினேன்" என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னாள். கேப்டன் சொன்னார், நான் எழுதினேன் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். டங்கன் எப்படிச் செத்தான் என்பது மேஜருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அன்று அந்தப் பதுங்குகுழியில் இருந்த மற்றவர்கள் வருடம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் மாடிப்படியிலேயே குடியிருக்கிற கிர்ஸ்டி டோர்வார்ட் தன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் விதவைதான். "மேஜருக்கு எவ்வளவு நல்ல மனசுன்னு ஊரு தெரிஞ்சுக்கட்டும், துண்டறிக்கையில போடு" என்றாள். நான் அன்று நாலு கிராமம் சுற்ற வேண்டியிருந்தது. அச்சுக்காரனிடம் கடிதத்தைத் தூக்கிக் கொடுத்து, "இதுல நல்லதா ரெண்டு வரி எடுத்துப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். அவன் எந்த இரண்டு வரியை எடுத்திருப்பான்? வியாழக்கிழமை நாலாயிரம் துண்டறிக்கை வீடு வீடாகப் போனது. வெள்ளிக்கிழமை துணி துவைக்கிற கூடத்தில் எங்கள் மாடிப்படிப் பெண்களின் முறை, துண்டறிக்கையும் அங்கே போனது.

வெள்ளி மாலை நான் வீட்டுக்கு வந்தபோது பெத்தியா ஓட்ஸ் கஞ்சியை என் முன்னால் வைத்தாள். மேஜைமேல் பைபிள் இருந்தது, கடிதம் அதற்குள் இல்லை.

சனிக்கிழமை காலை மேஜர் வீட்டுக்கு ஓடினேன். பிற்பகல் மூன்று மணிக்கு ஆலை கூடத்தில் கடைசிக் கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். லினன் துணிக்கான ஆளி நாரை இரும்புச் சீப்பில் போட்டுச் சீவுவது எங்கள் பிழைப்பு. ஓட்டுக் கேட்டு வருகிறவனையும் அப்படியேதான் சீவுவோம். கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் அவன் நின்று பதில் சொல்ல வேண்டும். கடைசியில் நகரத்தலைவர் எழுந்து, இவர்மேல் நம்பிக்கை உண்டா இல்லையா என்று கை தூக்கச் சொல்வார். அந்தக் கூடத்தில் தோற்றவன் எவனும் எங்கள் தொகுதியில் ஜெயித்ததில்லை.

மேஜர் சவரம் செய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"உன் பொண்டாட்டி கேட்டா என்ன சொல்றது?"

"கடுதாசியில இருக்கறதையே சொல்லுங்க, ஐயா. உடனே போயிட்டான்னு. ஒரே ஒரு வார்த்தை. செத்தவன் எழுந்து வந்தா சாட்சி சொல்லப்போறான்?"

"ஓட்டுக் கேட்டுப் போறேன், ஸ்டராக். ஓட்டுக் கேக்கற எடத்துல நின்னுக்கிட்டு அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்லணுமா?"

"சீட்டு போயிடும்."

"போகட்டும். நீ உன் வீட்டைப் பாரு. அவ என்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி நீயே அவகிட்ட சொல்லிடு. மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

ஐந்து மணி நேரம் இருந்தது. வீட்டுக்குப் போனேன். பெத்தியா கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா உனக்கு?" நிமிராமலே கேட்டாள்.

சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"குளிரா இருக்கு. கழுத்துக்குத் துணி சுத்திக்கிட்டு வா," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சட்டையைத் திருப்பிப் போட்டு மறு கையைத் தேய்த்தாள். இப்படியும் ஒரு ஆண்பிள்ளை!

கூடத்தில் எள் போட இடமில்லை. ஆலை மத்தியானமே மூடிவிட்டதால் ஆண்கள் இரண்டு கோப்பை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் டென்பர்ன் தெருப் பெண்கள் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பெத்தியா, பக்கத்தில் கிர்ஸ்டி. எல்லார் மடியிலும் கைப்பை. அந்தக் கைப்பைகளுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மேஜர் பேசினார், கழுத்து சிவந்தது, உட்கார்ந்தார். சீவல் ஆரம்பித்தது.

"மேஜரே, எங்க வீட்டுக் கூரை ஒழுகுது. லண்டன்லேர்ந்து குடை பிடிப்பீங்களா?"

"கூரைக்குச் சட்டம் கேப்பேன். கெடைக்கலைன்னா அடுத்த தடவை என்னைக் கேளுங்க."

"உங்க அண்ணன் பண்ணையில கூலி குறைச்சிருக்காரே, அவரை என்ன பண்ணுவீங்க?"

"அவர் எனக்கு ஓட்டுப் போடமாட்டார்னு எனக்கே தெரியும்." கூடம் சிரித்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போது கிர்ஸ்டி எழுந்தாள். ஒரு கையில் துண்டறிக்கை, மறு கையில் கட்டாகக் காகிதம்.

"இது எனக்கு வந்த கடுதாசி. இது பெத்தியாவுக்கு வந்தது. இது கீழ்வீட்டு அம்மாவுக்கு, அவங்க பையன் செத்ததுக்கு. இன்னும் பதினாலு இருக்கு. எல்லாத்துலயும் ஒரே வரி. எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் ஒரே மாதிரியா செத்தாங்க, மேஜர் ஐயா? இல்ல, சந்தையில ஆட்டுக்கு முத்திரை குத்தற மாதிரி எங்களுக்குக் குத்தி அனுப்பினீங்களா?"

நகரத்தலைவர் பிட்கெத்லி எழுந்து, "இது அரசியல் கேள்வி இல்லம்மா" என்றார்.

"பதில்! பதில்!" என்று பின்வரிசை கத்தியது.

மேஜர் எழுந்தார். "உக்காருங்க, பிட்கெத்லி. முப்பத்தோரு கடுதாசி அனுப்பினேன். ஒன்பதுதான் வேற வேற. மத்ததெல்லாம் ஒரே கடுதாசி. கையெழுத்து என்னோடது, அதனால வார்த்தையும் என்னோடதுதான். தப்பு."

என் பெயரைச் சொல்லவில்லை. நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க புருஷனைப் பத்தி எழுதினது மட்டும் நெஜம், மிஸஸ் டோர்வார்ட்," என்றார் மேஜர். "நெத்தியில பட்டுது. உடனே போயிட்டார். கம்பிவேலியில கெடந்த இன்னொருத்தரைத் தூக்கிட்டு வரத்தான் வெளியில போனார். யாரும் போகச் சொல்லல, அவராத்தான் போனார். அதை நான் அன்னிக்கே எழுதியிருக்கணும்."

கிர்ஸ்டி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் உட்காரும்போதே பெத்தியா எழுந்துவிட்டாள். கழுத்தில் துணி சுற்றவில்லை.

"கம்பிவேலியில கெடந்தது யாரு?"

மேஜர் பெத்தியாவைப் பார்த்தார். உடனே போயிட்டான் என்று சொல்லு, சொல்லித் தொலையேன், என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"உங்க மொத புருஷன் டங்கன் பீட்டி."

"எவ்வளவு நேரம்?"

"காலையில ஆறரை மணிக்கு விழுந்தார். மறுநாள் விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அடங்கினார்."

பெத்தியா முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒரு பெண் விசும்புவது கேட்டது, அது பெத்தியா இல்லை.

"ரெண்டு பேர் தூக்கப் போனாங்க," என்றார் மேஜர். "டோர்வார்ட் ஒருத்தர். ரெண்டு பேரும் செத்தாங்க. அதுக்கப்புறம் இன்னும் மூணு பேர் போறதுக்குப் பெல்ட்டை இறுக்கிக்கிட்டு நின்னாங்க. இனிமே எவன் வெளியில கால் வெச்சாலும் நானே சுட்டுடுவேன்னு உத்தரவு போட்டேன். அவரை அங்கயே விட்டது நான்தான். இன்னிக்கு மறுபடி அதே எடத்துல நின்னாலும் அதே உத்தரவுதான் போடுவேன்."

கூடம் கொதித்தது. "அடப்பாவி!" என்றான் ஒருவன். "சுட்டுடுவானாமே, சொந்த ஆளை!" என்றான் இன்னொருவன். பிட்கெத்லி சுத்தியலால் மேஜையைத் தட்டித் தட்டிக் கை சலித்துப் போனார்.

பெத்தியா காத்திருந்தாள். சத்தம் அடங்கியதும் கேட்டாள்: "கத்தினாரா?"

"ஆமா."

"யாரைக் கூப்பிட்டார்?"

மேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதை இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். திரும்பியிருந்தால் ஊருக்கே விளங்கியிருக்கும்.

"அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்," என்றார்.

அவ்வளவுதான். எங்கள் ஊரில் திருடனைக்கூட மன்னித்துவிடுவார்கள், மேடையில் நின்று பதில் சொல்ல மாட்டேன் என்கிறவனை மன்னிக்க மாட்டார்கள். பெஞ்சுகளைத் தூக்கித் தரையில் இடித்தார்கள். "பதில் சொல்லு! இல்லன்னா எறங்கு!" ஒரு உருளைக்கிழங்கு வந்து மேஜரின் தோளில் பட்டு என் மடியில் விழுந்தது.

"நெனைச்சுப் பாருங்க, டாரக்," என்று பிட்கெத்லி அவர் காதோடு கெஞ்சினார். "ஒரு பேரு. ஒரே ஒரு பேரைச் சொல்லிட்டா முடிஞ்சுது."

"அந்தப் பேரைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல. ஓட்டெடுப்பை வைங்க."

"தோத்துடுவீங்க."

"வைங்கன்னு சொன்னேன்."

பிட்கெத்லி எழுந்தார். நம்பிக்கை இல்லை என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றால் கூடமே கை தூக்கும். மேஜர் நேராக நின்றார், இடுப்பு வலி வந்தால் எப்படி நிற்பாரோ அப்படி. வீடு இல்லாத தன் சிப்பாய்களுக்காக மூன்று வருடமாக அலைந்த மனுஷன், என் மானத்தைக் காப்பாற்ற அத்தனையையும் கொட்டிவிடப் போகிறார். எனக்குத் தெரியும், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பெத்தியா வீட்டுக்கு வருவாள், நானும் அவளோடு சேர்ந்து மேஜரைத் திட்டலாம். அந்த யோசனை எனக்கு வந்தது. மறைக்கவில்லை.

என் கால்கள் எப்படி எழுந்தன என்று தெரியாது.

"ஏஜென்ட் பேசக்கூடாது, ஸ்டராக். உக்காரு," என்றார் பிட்கெத்லி.

"வாயை மூடிட்டு இருய்யா," என்றேன் நகரத்தலைவரைப் பார்த்து. கூடம் அடங்கிவிட்டது.

"பெத்தியா. மொதல்ல உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அப்புறம் தண்ணி கேட்டான். அப்புறம் கடைசி வரைக்கும் என் பேருதான்."

அவள் முகத்தில் எதுவுமே அசையவில்லை.

"உன் பேரா?"

"காவின், வாடான்னு கூப்பிட்டான். நான் எதிர்ல பதுங்குகுழியில இருந்தேன். அந்தக் கடுதாசியில இருக்கற வார்த்தை என்னுது. மேஜர் கையெழுத்து மட்டும்தான் போட்டார்."

"நீ போகல."

"போகல."

"உத்தரவு போட்டாரே, அதனாலயா?"

மேஜர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். மெதுவாகத் தலையை ஆட்டினார், ஆமென்று சொல்லு என்பதுபோல. அந்த மனுஷன் அப்போதும் எனக்கு வழி விட்டார். ஆமென்று சொல்லியிருந்தால் கூடமே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கும்.

"இல்ல," என்றேன். "உத்தரவு மத்தியானம்தான் வந்துது. அவன் காலையிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டு இருந்தான். அந்த அஞ்சு மணி நேரத்துல டோர்வார்ட் போனார், இன்னொருத்தர் போனார். நான் போகல. பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன். உத்தரவு வந்தப்ப எனக்கு நிம்மதியா இருந்துது."

இவ்வளவு சொன்னதும் அழுகை வந்துவிட்டது. முந்நூறு பேர் முன்னால், உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். யாரும் சிரிக்கவில்லை.

பெத்தியா என்னைப் பார்த்து நின்றாள். பிறகு நகரத்தலைவர் பக்கம் திரும்பினாள்.

"என் கேள்விக்குப் பதில் கெடைச்சுடுச்சு, ஐயா. ஓட்டெடுப்பை வைங்க."

பிட்கெத்லி தடுமாறி, மேஜர் டாரக்மேல் நம்பிக்கை உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார். முதல் கை பெத்தியாவுடையது. கிர்ஸ்டி அழுதுகொண்டே தூக்கினாள். "இன்னும் மூணு பேரை வெளியில விட்டிருந்தா இன்னும் மூணு கடுதாசி வந்திருக்கும், தூக்குங்கடி கையை," என்று பக்கத்திலிருந்தவர்களை இடித்தாள். மூன்றாவது வரிசை முழுக்கக் கை எழும்பியது. அந்தப் பெண்களே தூக்கிய பிறகு எந்த ஆண்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டிருப்பான்? கூடம் மொத்தமும் தூக்கியது. மேஜர் நன்றி சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை, தொப்பியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விட்டார். அடுத்த புதன்கிழமை எழுநூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

வாசல்படியில் பெத்தியாவைப் பிடித்தேன். "பெத்தியா, கொஞ்சம் நில்லு. நான் சொல்றதைக் கேளு."

"காலையில இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தப்ப கேட்டேனே. அப்ப எங்க போச்சு வாயி?"

"தப்புத்தான்."

"மேஜர் தப்புப் பண்ணினா அடுத்த தேர்தல்ல மாத்திக்கலாம். உன்னை என்னய்யா பண்றது?"

கிர்ஸ்டியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனபோது கதவு தாழ்போட்டிருக்கவில்லை. கஞ்சி மூடி வைத்திருந்தது.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. மேஜர் இன்னும் லண்டனில் கூரைக்குச் சட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெத்தியா என்னை விட்டுப் போகவில்லை, நேரத்துக்குச் சோறு போடுகிறாள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கண் விழித்துப் பார்த்துக்கொண்டாள். "இங்க வா" என்பாள், "இந்தாய்யா" என்பாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு காவின் என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.